எண்ணெயின் ஜுரம்

கிருஷ்ணகிரியை விட்டுப் புறப்பட்டு, மாந்தோப்புகளையும் மொட்டைப் பாறைக் குன்றுகளையும் இருபுறமும் பார்த்தவண்ணம், சூளகிரியைக் கடந்து ஓசூர் வந்து சேருகிறவரையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர், தாங்கள் ஒரு மலையேறி வந்திருக்கிறோம் என்பதை உணர்வதே இல்லை. சாலை அவ்வளவு நிதானமாக உயர்ந்துகொண்டே போகிறது. கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 490 மீட்டரில் இருக்க, ஓசூர் 880 மீட்டரை ஒட்டி இருக்கிறது. கீழே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே சற்றே இதமான காற்று வீசுவதனால்தான், வெள்ளைக்காரர் காலத்தில் இவ்வூருக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்ற செல்லப்பெயர் வந்தது. மனிதருடைய உடம்பு உணராத இந்த ஏற்றத்தை மோட்டார் வண்டியின் உடம்பு உணர்கிறதா, உணர்ந்தால் அது எந்த அவயவத்தில் எவ்வளவு உஷ்ணமாக வெளிப்படுகிறது என்கிற விசாரணையில் நான் இறங்க நேர்ந்தது என் சகோதரியின் மகனால்.

அவன் ஓசூர் சிப்காட் பேட்டையில் பொறியாளனாக வேலை பார்க்கிறவன். பல வருஷ சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தானியங்கி கியர் கொண்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்து, "மாமா, இந்த வண்டிக்குத் தனியாகக் கியர் ஆயில் கூலர் ஒன்று வைத்தே ஆகவேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சூடு குறைந்தால் நல்லதுதானே? வைத்துவிடட்டுமா?" என்று கேட்டான். சூடு குறைந்தால் நல்லதுதானே என்ற அந்தச் சிறு வாக்கியத்துக்குள் எத்தனை அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

கியரைக் கையால் மாற்றாமல் ஓட்டுகிற வண்டி இவ்வட்டாரத்துக்குப் புதியதல்ல. 1980-ல் இதே ஓசூரிலிருந்து வெளிவந்து தமிழ்நாட்டின் பால்காரர்களையும் துணி வியாபாரிகளையும் சுமந்து திரிந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில், எஞ்சினின் சுற்று கூடினால் தானே பற்றிக்கொள்ளவும், குறைந்தால் தானே விட்டுவிடவும் செய்கிற கிளட்ச்தான் இருந்தது. ஆனால் பெரிய தானியங்கிக் கார்கள் பலவற்றில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே நிற்பது உலோகப் பிடிப்பல்ல, ஒரு திரவம். அதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரிந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவர், அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பதற்காக 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பலுக்காகப் பிறந்த யுக்தி பின்னர் அமெரிக்கக் கார்களுக்குள் புகுந்து, 1948-ல் ப்யூக் வண்டிகளில் டைனாஃப்ளோ என்ற பெயரோடு வீதிக்கு வந்தது.

இதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ள நம் பாட்டிமார் மோர் கடைந்த காட்சியே போதும். பானையில் மத்தை நாட்டிக் கயிற்றால் இழுத்துச் சுழற்றும்போது, மத்து பானையைத் தொடாவிட்டாலும், பானை தானும் சுழன்றுவிடப் பார்க்கும். அதனால்தான் அதைப் பிரிமணையில் வைத்துக் காலால் அணைத்துக்கொள்வார்கள். மத்தின் சுழற்சியைத் தயிர் பானைக்குக் கடத்துகிறது. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினோடு சேர்ந்த இறகுச்சக்கரம் மத்து, எண்ணெய் தயிர், கியர்பெட்டியோடு சேர்ந்த எதிர்ச்சக்கரம் பானை. வண்டி சிக்னலில் பிரேக்கோடு நிற்கும்போது, பாட்டி பானையைக் காலால் அணைத்துக்கொண்ட நிலைமைதான் அங்கே ஏற்படுகிறது: மத்து சுழல்கிறது, பானை நிற்கிறது, இடையிலுள்ள திரவம் கலக்குண்டு சூடேறுகிறது. கடைந்த மோர் வெதுவெதுப்பாவதையும், வெண்ணெய் திரளுவதற்காகக் குளிர்ந்த நீர் விடுவதையும் கண்டவர்கள், இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் 1840-களில் துடுப்புச் சக்கரத்தை நீருக்குள் சுழலவைத்து உழைப்பு உஷ்ணமாக மாறும் கணக்கை நிறுவியபோது எதைப் பார்த்தார் என்பதைச் சுலபமாக அறிந்துகொள்வார்கள்.

அந்தக் கணக்கை நம் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். பானையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு எஞ்சினை முழு மூச்சில் விட்டால், உதாரணமாக அது கொடுக்கும் 100 கிலோவாட் சக்தி முழுவதும் எண்ணெயிலேயே உஷ்ணமாக இறங்கும். கியர்பெட்டியில் 7 லிட்டர் எண்ணெய் இருந்தால் அதன் எடை சுமார் 6 கிலோ. அந்த எண்ணெயை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 12 கிலோஜூல் வேண்டும். ஐந்து விநாடியில் இறங்குவது 500 கிலோஜூல். உலோகம் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளாவிட்டால், ஐந்தே விநாடியில் எண்ணெயின் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். மெக்கானிக்குகள் இந்தச் சோதனையைச் செய்ய நேர்ந்தால் விநாடிகளை எண்ணி உடனே காலை எடுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே. வண்டி ஓட ஆரம்பித்து நிலையான வேகத்தை அடைந்தபின், தற்காலக் கார்களில் லாக்-அப் கிளட்ச் என்னும் தட்டு மத்தையும் பானையையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அப்புறம் கலக்கலும் இல்லை, அதனால் வரும் உஷ்ணமும் இல்லை. பல்சக்கரங்களின் உராய்வும் எண்ணெய்ப் பம்பின் உழைப்பும் மட்டுமே மிஞ்சும்.

சூடு ஏறினால் எண்ணெய்க்கு என்ன நேர்கிறது? சக்தியைக் கடத்துவது, கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, பல்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருவது, உஷ்ணத்தை ஏந்திக்கொண்டு வெளியே போவது ஆகிய நான்கு ஊழியங்களையும் ஒரே திரவம் செய்யவேண்டியிருப்பதால், அதில் பலவகை ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். 1970-களின் தொடக்கம் வரையில் அவற்றுள் ஒன்று திமிங்கில எண்ணெய். ஒரு யந்திரத்தின் சுகத்துக்காகக் கடலின் மகத்தான ஜீவன்கள் மாண்டன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. இந்த ரசாயனங்கள் யாவும் உஷ்ணத்துக்குக் கட்டுப்பட்டவை. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, சாமானிய மக்களுக்காகத் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தே நாமும் இதைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மண்டியில் கூடையோடு இறக்கிய கிளிமூக்கு மாங்காயும் குளிர்ந்த அறையில் வைத்த மாங்காயும் ஒரே நாளில் பழுப்பதில்லை. உஷ்ணம் கூடக்கூட ரசாயன மாற்றங்களின் வேகம் கூடும் விதத்தை 1889-ல் ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் சூத்திரமாக வகுத்தார். பத்து டிகிரிக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது அதிலிருந்து வரும் தோராயமான நடைமுறைக் கணக்கு.

கியர் எண்ணெய்க்கும் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பழைய கணக்கு இதையே சொல்கிறது. 80 டிகிரியில் ஓடினால் 1,60,000 கிலோமீட்டர் தாங்கக்கூடிய எண்ணெய், 91 டிகிரியில் அதில் பாதியும், 102 டிகிரியில் கால்பங்கும், 113 டிகிரியில் அரைக்கால் பங்காகிய 20,000 கிலோமீட்டரும்தான் தாங்கும் என்பார்கள். 115, 120 டிகிரியைத் தொட்டால் பளபளப்பான வார்னிஷ் போன்ற படலம் உள்ளே படிய ஆரம்பிக்கும்; அதற்கு மேலே ரப்பர் சீல்கள் கட்டிப்படும்; 150 டிகிரியை ஒட்டினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிடப் பொறுமைசாலிகள் என்றாலும், பாதிப் பாதியாகக் குறையும் அந்தச் சரிவின் வடிவம் மாறவில்லை.

வண்டியைச் செய்தவர்களும் இதை அறியாதவர்களல்லர். தானியங்கி வண்டிகள் பலவற்றில், ரேடியேட்டரின் குளிர்ந்த பக்கத்துத் தொட்டிக்குள் சிறு எண்ணெய்க் குழாயை அடக்கி வைத்து, கியர் எண்ணெய் தன் சூட்டை எஞ்சின் நீரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எஞ்சின் நீர் கொதிக்காதா என்றால், ஓசூரின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரமல்ல. இதே ஓசூர் சிப்காட்டில் பிரெஸ்டீஜ் குக்கர்களைச் செய்கிறார்களே, அந்தக் குக்கரின் மூடிக்கும் குண்டுக்கும் உள்ள வேலைதான் ரேடியேட்டர் மூடிக்கும். அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி உயர்ந்துவிடுகிறது. குக்கரில் பருப்பு வேகமாக வேகிறது. ரேடியேட்டரில் நீர் நீராகவே நிற்கிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன கிருஷ்ணகிரி ஏற்றத்துக்கு வருவோம். 1,600 கிலோ எடையுள்ள வண்டியை 400 மீட்டர் உயர்த்த வேண்டிய உழைப்பு சுமார் 63 லட்சம் ஜூல். பெரிய எண்ணாகத் தோன்றும் இதை, 50 கிலோமீட்டரை ஐம்பது நிமிஷத்தில் கடக்கும் 3,000 விநாடிகளுக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 2,100 ஜூல், அதாவது இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். குளியலறை கீசர் இழுக்கும் சக்தி அவ்வளவே. அதிலும் கியர்பெட்டியில் உஷ்ணமாவது பத்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் அப்போது லாக்-அப் பூட்டியிருக்கும். முன்னாலிருந்து காற்றும் தாராளமாக வீசிக்கொண்டிருக்கும். எல்லோரும் பழி சொல்லும் ஏற்றம் நிரபராதி. ஆனால் ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடியில் எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளிப் பக்கம் மாலை நேரத்து லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே, கியரை 'டி'யில் வைத்து பிரேக்கில் காலை ஊன்றி நகர்ந்து நகர்ந்து போகும்போது நடப்பது வேறு. ஐட்லிங்கில் எஞ்சின் கன்வெர்ட்டருக்குள் தள்ளும் ஒன்றிரண்டு கிலோவாட்டும் ஒரு துளி குறையாமல் எண்ணெயில் உஷ்ணமாகிறது, காற்று வீசுவதில்லை, முன்னால் நிற்கும் லாரியின் புகையும் தார்ச் சாலையின் அனலும் ரேடியேட்டரின் முகத்தில் அடிக்கின்றன. அந்தக் கீசர் மலையில் இல்லை, சமவெளி நெரிசலில் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. வாங்கப்போகும் கூலரைப் பம்பரின் ஓரத்தில், மின்விசிறியின் இழுப்புக்கு எட்டாத இடத்தில் பொருத்தினால், அது வேகமாக ஓடும்போது, அதாவது தேவையே இல்லாதபோது, பிரமாதமாக வேலை செய்யும். நெரிசலில் நிற்கும்போது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. கண்டென்ஸருக்கு முன்னாலே வைத்தால் விசிறியின் இழுப்புக் கிடைக்கும். ஆனால் சூடான காற்றை ஏ.சி.க்கும் ரேடியேட்டருக்கும் அனுப்பும்.

இவ்வளவையும் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு, ஓசூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியிடம் அவனை அழைத்துப் போனேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் இவ்வூர் மனிதர் அவர். வயது அறுபதைத் தாண்டியவர். பானெட்டைத் திறந்து, வண்டியைச் சூடாகும்வரை ஓடவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டார். எஞ்சின் ஆயிலோடு குழம்பக்கூடாது என்பதற்காக இந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போடுவது வழக்கம். புதிதாக இருக்கையில் செம்பருத்திச் சாறு மாதிரி இருக்கும். துணியில் விழுந்த சொட்டு பரவிப் பரவி, நடுவே செங்கல் நிறமாகவும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவும் நின்றது. அவர் அதை முகர்ந்து பார்த்தார், என்னிடமும் நீட்டினார். வறண்ட எண்ணெய் வாடைதான் இருந்தது, தீய்ந்த வாடை இல்லை.

"கருகலே தம்பி. வயசாயிருக்கு, அவ்வளவுதான். கருகியிருந்தா முந்திரிக்கொட்டையைச் சுட்ட மாதிரி நாத்தம் வரும், கைக்குக் கரியும் ஒட்டும். ரேடியேட்டருக்குள்ளே குழாய் ஓட்டையானா இது ரோஸ்மில்க் மாதிரி ஆயிடும், அப்போ கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும்" என்றார்.

"அப்போ கூலர் வேண்டாமா அண்ணே?"

"சூடு எவ்வளவுன்னு பார்த்தியா?"

மருமகன் பேசாமல் நின்றான். பார்க்கவில்லை. நண்பர்களும் பார்க்கவில்லை. ஜுரம் இருக்கிறதா என்று தெரியாமலே மருந்துக்குப் பணம் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கியர் எண்ணெயின் சூடு எப்போதும் தெரியும். டாஷ்போர்டில் காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழேயுள்ள துளையில் ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் அந்த எண் கைபேசியில் வந்துவிடும். இரண்டு வாரம் அதைக் குறித்துவை என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் சிரத்தையுள்ளவன், நேரமும் இடமும் போட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறி வருகையில், வெளியே 38 டிகிரி வெயிலடித்த மத்தியானத்தில்கூட, எண்ணெய் 88-ஐத் தாண்டவில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில், லாக்-அப் விட்டுவிட்டுப் பிடிக்கும் இடங்களில், 97 வரை போய் வந்திருக்கிறது. (யானைகள் சாலையைக் கடக்கிற அந்தக் காட்டில் ஸ்போர்ட்ஸ் காரின் வேகத்தைச் சோதிப்பதை நான் ஒருபோதும் அங்கீகரிக்கமாட்டேன், அவனிடமும் அதைச் சொன்னேன்.) ஜூஜூவாடியில் நாற்பது நிமிஷம் சிக்கிய ஒரு மாலையில் மட்டும் 108. கணக்கு எங்கே சுட்டியதோ அங்கேதான் சூடும் இருந்தது.

"பார்த்தீர்களா மாமா, 108! கூலர் வேண்டும்தானே?" என்றான்.

அதற்குப் பதில் சொல்வதற்குமுன், சூடு குறைவதும் ஒரு வியாதி என்பதை அவனுக்கு எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. மார்கழி விடியற்காலையில் ஓசூரில் 14, 15 டிகிரிக் குளிர் சகஜம். அந்நேரத்தில் எண்ணெய் கெட்டிப்பட்டு, பம்பு அதைத் தள்ளச் சிரமப்படும். கியர் மாறுவதில் தாமதமும் உதறலும் தோன்றும். எண்ணெய் போதிய சூட்டை அடைகிறவரை பல வண்டிகளில் லாக்-அப் பூட்டிக்கொள்ளாது. அதனால் பெட்ரோலும் விரயம். அச்சமயத்தில் ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தச் சிறு குழாய், எண்ணெயைக் குளிர்விப்பதற்கு மாறாக, எஞ்சின் நீரின் சூட்டை எண்ணெய்க்கு ஊட்டி, தாய் பிள்ளையைக் கதகதப்பாக அணைப்பதுபோல அதைச் சீக்கிரம் 80 டிகிரிக்குக் கொண்டுவருகிறது. நண்பர்கள் சொன்னபடி ரேடியேட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளிக் கூலரை மட்டும் வைத்திருந்தால், அந்த அணைப்புப் போயிருக்கும். கூலர் வைப்பதானால், எண்ணெய் சூடாகும்வரை அதைக் கூலருக்குள் விடாமல் திருப்பியனுப்பும் தெர்மோஸ்டாட் வால்வு அவசியம் வேண்டும். ரேடியேட்டரை விட்டு வெளிவரும் எண்ணெய்தான் கூலருக்குள் போகவேண்டும். அதற்குப்பின் நேரே கியர்பெட்டிக்குத் திரும்பவேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸும் ஒவ்வொரு கிளிப்பும் எண்ணெய் ஒழுகக்கூடிய புதிய வாசல்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு கிளிப் நழுவினால் கியர்பெட்டி சில நிமிஷங்களில் வறண்டுவிடும். இன்னொரு சங்கதி: இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் எண்ணெயில் மூழ்காத உலர்ந்த தட்டுகளை வைத்த ரகம் உண்டு. அங்கே உஷ்ணம் பிறப்பது தட்டில். எண்ணெயைக் குளிரவைத்தால் அந்தத் தட்டுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

அப்படியானால் இந்தச் சாதனத்துக்கு நியாயமான இடம் எது? ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அமைத்து 1990 முதல் நடத்திவரும் பந்தயப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. அங்கே இருபது நிமிஷம் விடாமல் ஓட்டினால், ஒவ்வொரு வளைவிலும் பிரேக், கீழ்க்கியர், முழு முடுக்கம் என்று மாறி மாறி வருவதால், சராசரியாக 60 கிலோவாட் ஓடி, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நஷ்டமானாலும் 6 கிலோவாட் எண்ணெயில் இறங்குகிறது. நெரிசலின் உஷ்ணத்தைப்போல் மூன்று மடங்கு. அதே சமயத்தில் எஞ்சின் நீரும் கடுஞ்சூட்டில் இருப்பதால், எண்ணெய் தன் சூட்டை ஒப்படைக்க ஆளில்லாமல் நிற்கிறது. இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள உஷ்ண வித்தியாசமே சூடு பாய்வதற்குக் காரணம் என்பது நியூட்டன் காலத்திலிருந்து தெரிந்த விதி. 105 டிகிரி நீருக்கும் 115 டிகிரி எண்ணெய்க்கும் இடையில் பத்து டிகிரிதான். 38 டிகிரிக் காற்றுக்கும் அதே எண்ணெய்க்கும் இடையிலோ 77. காற்றுக் கூலர் தன் ஜென்மத்தின் பயனை அடைவது அங்கேதான். டார்க் கன்வெர்ட்டர் பந்தயத்துக்கு ஒவ்வாதது என்ற அபிப்பிராயம் பலரிடம் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஜிம் ஹால், ஹேப் ஷார்ப் இருவரும் கிளட்ச் மிதி இல்லாமல் டார்க் கன்வெர்ட்டர் வைத்த சாப்பரல் வண்டியில், வெள்ளமாகக் கொட்டிய மழையில், 1965-ல் செப்ரிங் நகரத்துப் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தபோதே அது பொய்த்துப்போயிற்று.

மருமகனுக்குப் பந்தயப் பாதையில் ஓட்டும் உத்தேசம் இருந்தாலும் இந்த வருஷம் இல்லை. ஆகையால், 108-க்குக் கூலரைத் தவிர வேறு பதில் உண்டா என்று பார்க்க, மறுபடி மேஸ்திரியிடமே போனோம். அவர் முன் பம்பரைக் கழற்றி, ஏ.சி. கண்டென்ஸரைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துக் காட்டினார். சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. சிப்காட் சாலையின் புழுதி, விட்டில் பூச்சிகள், எருக்கம் பஞ்சு, எங்கேயோ பறந்து வந்த பாலித்தீன் துண்டு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய அலுமினிய மடிப்புகளில் பாதியை அடைத்திருந்தன. வண்டி வேகமாக ஓடும்போது எஞ்சிய பாதி வழியாகவே போதிய காற்று போய்விட்டது. நிற்கும்போது விசிறி மூச்சுத் திணறியிருக்கிறது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணீர் விட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் மடிப்புகள் வளையாமல் நீவி, அரைநாள் அதிலேயே கழித்தார்கள். பழைய எண்ணெயை இறக்கி, வண்டிக்குச் சொன்ன ரகத்திலேயே புதுசு ஊற்றினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, பெங்களூர்ப் பக்கம் போகிற கூட்டம் அத்தனையும் ஜூஜூவாடியில் நின்றுகொண்டிருந்தபோது நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கைபேசியில் எண் 96-ல் வந்து நின்றது. அவன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். முன்னால் லாரி நகர்வதற்குள் அது 94 ஆகியிருந்தது.